அன்டிக்ளேர்டாகச் சேர்ந்து இன்ஜினியரிங்குக்கு மாறலாமா? திண்ணையும் வீடும்

ஏப்ரல் பிறந்தால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் மே 1ஆம் தேதிதான் டெபாசிட் கட்டி இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள். அதனால் மார்ச் கடைசியில் முடிவுகள் வந்து விழுந்ததிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. போன ஏப்ரலில் முதலில் கூப்பிட்டவர் இங்கே டாலஸ் பக்கம் இருக்கும் ஈரோட்டுக்காரர். "ஏனுங்கண்ணா, பையன் மெக்கானிக்கல் கேட்டிருந்தான். யூனிவர்சிட்டி கெடச்சிருச்சு, ஆனா மேஜர்ங்கிற எடத்துல அன்டிக்ளேர்டுன்னு போட்டிருக்குது. உள்ள போய் மாத்திக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திக்கலாங்களா?"

இதே "மாத்திக்கலாம்" என்ற சொல்லை நம்பித்தான் என் மகளையும் நான்கு வருடங்களுக்கு முன்னால் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நாம் ஊரில் பார்த்துப் பழகியது வேறு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200க்கு கட்-ஆஃப். கவுன்சலிங்கில் கல்லூரியும் பிரிவும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். ஈசிஈ கிடைத்தால் அன்றைக்கே ஈசிஈ, சிவில் கிடைத்தால் அன்றைக்கே சிவில். இங்கே பல்கலைக்கழகத்துக்குள் போக ஒரு கதவு, மேஜருக்குள், அதாவது படிக்கிற பிரிவுக்குள் போக இன்னொரு கதவு. முதல் கதவைத் திறந்த சாவி இரண்டாவதற்குப் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சஸில் இது இன்னும் அதிகம். 1997இல் வந்த சட்டப்படி பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி (ஆஸ்டினில் மட்டும் அந்த வரம்பு இன்னும் இறுக்கம்). அந்த உறுதி பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான். எந்த மேஜர் என்று அந்தச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. "ஆட்டோமேட்டிக் அட்மிஷன்" என்று வாட்ஸாப்பில் லட்டு படம் போட்ட பிறகுதான் இதைக் கவனித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அன்டிக்ளேர்டு என்றால் என்ன? பிரிவு இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கே உட்கார்ந்துகொண்டு முடிவாகவில்லை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இன்ஜினியரிங் கல்லூரிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு, "மெக்கானிக்கலா, சிவிலா, எலக்ட்ரிக்கலா என்று ஒரு வருடம் கழித்துச் சொல்" என்பது ஒரு வகை. பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்டு, இன்ஜினியரிங்குக்கு வெளியே பொதுவான ஒரு பிரிவில் வைத்திருப்பது இன்னொரு வகை. முதலாவதில் பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டது, எந்த அறை என்பதுதான் பாக்கி. இரண்டாவதில் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார்கள். மோர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கடிதத்திலும் இருப்பது அதே அன்டிக்ளேர்டு.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

பர்டூ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்ஜினியரிங்குக்குச் சேர்கிற புது மாணவர்கள் முதலில் ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் என்ற பொதுத் திட்டத்தில்தான் சேர்கிறார்கள். கால்குலஸ், வேதியியல், இயற்பியல், ஓர் இன்ஜினியரிங் அறிமுகப் பாடம், எழுத்துப் பாடம் எல்லாம் முடித்த பிறகு மேஜர். நான் பார்த்த ஆண்டுகளில் மொத்த ஜிபிஏ (நான்குக்குப் போடும் மதிப்பெண் சராசரி) 3.2, அந்த முதலாண்டுப் பாடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் இன்டெக்ஸ் 3.2, இரண்டும் இருந்து முதல் சுற்றிலேயே விண்ணப்பித்தால் கேட்ட மேஜர் உறுதி என்று எழுதியே வைத்திருந்தார்கள். எழுதி வைத்த எண் என்பது பெரிய விஷயம். பிள்ளைக்கு எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு மிட்டர்மிலும் தெரியும்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் இதே அமைப்புதான், அங்கே ஈடாம் (என்ட்ரி டு எ மேஜர்) என்பார்கள். ஆனால் எண் வேறு: நான் பார்த்த ஆண்டுகளில் முதல் விருப்பம் தானாகக் கிடைக்க 3.75 வேண்டும். முன்பு 3.5 ஆக இருந்தது, கூட்டம் கூடவே ஏற்றிவிட்டார்கள். 3.75 என்றால் கேட்கச் சுலபமாக இருக்கும், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஏவுக்கு 4, பிக்கு 3, சிக்கு 2 புள்ளி, அதைப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். இரண்டு செமஸ்டரில் 28 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் ஏ வாங்கிய நிலையிலிருந்து மொத்தம் 7 புள்ளிதான் இழக்கலாம். அங்கே ஏ மைனஸ், பி பிளஸ் என்றெல்லாம் கிடையாது, முழு எழுத்துதான். ஆக நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் பி, மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் பி, அத்தோடு சரி. மீதி எல்லாம் ஏ. ஒரே ஒரு சி வந்தால், அது நான்கு கிரெடிட் பாடமாக இருந்தால், அந்த ஒன்றே 8 புள்ளியைத் தின்றுவிடும். 3.75க்குக் கீழே இருப்பவர்களை வெளியே தள்ளிவிடுவதில்லை. விருப்பங்களை வரிசைப்படுத்தச் சொல்லி, கட்டுரை எழுதச் சொல்லி, மீதி இருக்கும் இடங்களில் பார்த்து வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) கேட்ட பிள்ளை வேறு ஓர் இன்ஜினியரிங்கில் போய் உட்காரலாம். ஆனாலும் இன்ஜினியரிங்தான்.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2018லிருந்து மாணவர்களை நேரே இன்ஜினியரிங் கல்லூரிக்குள் எடுத்து, பெரும்பாலானவர்களை இன்ஜினியரிங் அன்டிக்ளேர்டு என்று வைத்து, முதலாண்டு முடிவில் மேஜர்களில் பிரித்து வைக்கிறது. ஒழுங்காகப் படித்தால் ஏதோ ஓர் இன்ஜினியரிங் மேஜர் உறுதி, முதல் விருப்பம் உறுதியில்லை. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னிலும் இன்ஜினியரிங் அன்டிக்ளேர்டு உண்டு, ஆனால் அங்கிருந்து சிஎஸ்ஸுக்குப் போக வழியில்லை. வீட்டுக்குள் இருந்தாலும் ஓர் அறைக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு இந்த இடம் வீடு இல்லை.

என் கருத்தைக் கேட்டால், வீட்டுக்குள் கிடைத்த அன்டிக்ளேர்டு நல்ல வாய்ப்பு. மெக்கானிக்கலும் ஏரோஸ்பேஸும் பையனுக்கு ஒன்றுபோலத் தோன்றுகிற பதினேழு வயதில் ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது விருப்பம் கிடைத்தாலும் சந்தோஷமாகப் படிப்பேன் என்று பிள்ளை மனதாரச் சொன்னால் யோசிக்காமல் கட்டிவிடலாம்.

திண்ணையில் இருப்பவர்கள்

சிக்கலே இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பர்டூவில் எக்ஸ்ப்ளோரேட்டரி ஸ்டடீஸ், இல்லினாயில் ஜெனரல் ஸ்டடீஸ் டிவிஷன் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர். இந்தப் பிரிவுகளைக் குறை சொல்ல மாட்டேன், எதைப் படிப்பது என்று உண்மையிலேயே தெரியாத பிள்ளைகளுக்கு இவை அருமையான இடம், ஆலோசகர்களும் பொறுமையானவர்கள். ஆனால் இன்ஜினியரிங் கிடைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்து, இங்கிருந்து உள்ளே ஏறிக் குதிப்பேன் என்கிற பிள்ளைக்கு இது கடினமான பாதை. காரணம், மேஜர் மாற்றம் என்பது 'இடம் இருந்தால்' நடக்கிற காரியம். இன்ஜினியரிங் கல்லூரி தன் முதலாண்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான். மெக்கானிக்கலிலும் சிஎஸ்ஸிலும் பெரும்பாலும் மிச்சம் இருப்பதில்லை. குறைந்தபட்ச ஜிபிஏ 3.0 என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தால் அது விண்ணப்பம் போடத் தகுதி, அவ்வளவுதான். உள்ளே எடுத்தவர்களின் ஜிபிஏ 3.7 ஆக இருக்கலாம். நம் பெற்றோர்கள் அந்த 3.0ஐ கட்-ஆஃப் என்று படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

என் மகள் போன பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வேறு மாநிலம், பெரிய இடம். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1 நான்கு கிரெடிட், ஏ மைனஸ். வேதியியல் நான்கு கிரெடிட், பி. ஆங்கிலம் மூன்று, புரோகிராமிங் மூன்று, இரண்டிலும் ஏ. ஜிபிஏ 3.63. வீட்டில் கேசரி கிண்டினோம். இரண்டாவது செமஸ்டரில் கால்குலஸ் 2இல் சி, இயற்பியலில் பி மைனஸ், சமூகவியலும் பொருளாதாரமும் ஏ. அந்த செமஸ்டர் 3.06, இரண்டும் சேர்த்து 3.34. மாற்றத்துக்கு விண்ணப்பிக்க அங்கே கேட்டது 3.2. தப்பித்தோம் என்று நான் நினைத்தேன்.

மே மாதம் வீட்டுக்கு வந்தவள் சமையலறை மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அப்பா, அவங்க பாக்கிறது இது இல்லப்பா" என்று இன்னொரு கணக்கைக் காட்டினாள். கணக்கு, வேதியியல், இயற்பியல், புரோகிராமிங் மட்டும் சேர்த்து, 19 கிரெடிட்டுக்கு 57.6 புள்ளி, 3.03. டெக்னிக்கல் ஜிபிஏ என்கிறார்கள் அதை. சமூகவியலில் வாங்கிய ஏ அங்கே செல்லாக்காசு. கால்குலஸ் 2இல் சிக்குப் பதில் பி வந்திருந்தால்கூட 3.24 ஆகியிருக்கும். ஒரு பாடம், ஓர் எழுத்து. அவள் அம்மா ஒன்றும் பேசாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்ணையில் இருக்கிற பிள்ளைக்கு எந்தப் பாடங்கள் எண்ணப்படுகின்றன என்பது ஆகஸ்ட் மாதமே தெரிந்திருக்க வேண்டும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏபி பாடங்கள் எட்டு, ஒன்பது என்று முடித்துக்கொண்டு வருகிற நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: ஏபி மதிப்பெண்ணால் கிரெடிட் வரும், ஜிபிஏ வராது. கால்குலஸ் 1, வேதியியல் எல்லாம் ஏபியால் தாண்டிவிட்டு முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் 3இல் போய் உட்கார்ந்தால், சுலபமாக வரவேண்டிய ஏக்கள் எல்லாம் கணக்கிலேயே இல்லாமல் போய்விடும், கஷ்டமான பாடங்கள் மட்டும் மிஞ்சும். பல இடங்களில் இத்தனை கிரெடிட்டுக்கு மேல் போனால் மேஜர் மாற்றவே முடியாது என்றும் ஒரு வரம்பு உண்டு, ஏபி கிரெடிட் அதையும் வேகமாக நிரப்பும். பெருமைப்பட்டுக்கொண்ட அதே ஏபி காலை வாரிவிடும்.

அப்புறம், பாட வரிசை. மெக்கானிக்கலிலும் சிவிலிலும் பாடங்கள் ரயில் பெட்டிபோல ஒன்றோடொன்று கோத்திருக்கும். கால்குலஸும் இயற்பியலும் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ், ஸ்டாட்டிக்ஸ் முடித்தால்தான் டைனமிக்ஸ், பிறகு ஸ்ட்ரென்த், ஃப்ளூயிட்ஸ், கடைசியில் சீனியர் டிசைன். ஸ்டாட்டிக்ஸுக்கு அந்தத் துறை மாணவர்கள் பதிந்து முடித்த பிறகுதான் வெளியாட்களுக்குத் திறக்கும். அதற்குள் இடம் இருக்காது. ஒரு செமஸ்டர் தவறினால், அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்றால், ஒரு வருடமே தள்ளிப்போகும். வெளிமாநிலக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் வருடம் ஒரு கார் விலை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4இல் வந்த பிள்ளை 21 வயதில் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருந்தால், இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு செமஸ்டரும் அந்த விசாவில்தான் விழும்.

விதிகளும் நிலையாக நிற்பதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முன்பு லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் என்ற கலை அறிவியல் கல்லூரிப் பக்கம் சேர்ந்த எந்தப் பிள்ளையும் சிஎஸ் 61ஏ, 61பி, 70 என்ற மூன்று பாடங்களில் சராசரி 3.3 எடுத்தால் சிஎஸ் மேஜர் அறிவித்துக்கொள்ளலாம். அந்த 3.3க்காகப் பிள்ளைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆனாலும் அது எழுதி வைத்த எண். 2023 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்ந்தவர்களுக்கு அது போய், விண்ணப்பிக்கும்போதே சிஎஸ் என்று எடுப்பது வழக்கமானது. பிறகு வருபவர்களுக்குப் பரிசீலனை மட்டும்தான். அதனால் மூன்று வருடத்துக்கு முன்னால் மாறிய பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் அனுபவத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அவள் உண்மையைத்தான் சொல்கிறாள், ஆனால் அந்தக் கதவு இப்போது அந்த இடத்தில் இல்லை.

பெயர் சிறியது, கதவு திறந்தது

இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது, கொஞ்சம் பெயர் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகக் கிடைத்த மெக்கானிக்கல். நம் ஆட்கள் இதைத் தொடக்கூட மாட்டார்கள். ரேங்கிங் பட்டியலில் எழுபதாவது இடம் என்றால் "அங்கயா?" என்று முகம் சுளிப்பார்கள். கல்யாண வீட்டில் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே.

இன்ஜினியரிங் பட்டம் இங்கே ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரத்தில் ஓடுகிறது. எழுபதாவது இடமானாலும் ஏழாவது இடமானாலும் ஏபெட் அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கல் பட்டத்தில் அடிப்படைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். சிவிலில் பிஈ (நம் ஊர் பி.இ. பட்டம் இல்லை, புரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸ் வாங்க முதலில் எஃப்ஈ என்ற அடிப்படைத் தேர்வு, பிறகு சில வருட அனுபவம், பிறகு பிஈ தேர்வு. அந்தப் பாதையில் கேட்பது ஏபெட் பட்டமா என்றுதான், கல்லூரியின் கால்பந்து அணி என்ன ரேங்க் என்று இல்லை. பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கும், ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் ஆய்வகங்களில் வித்தியாசம் இருக்கும். ஆனால் பெரிய பெயரின் திண்ணையில் உட்கார்ந்து மெக்கானிக்கல் கிடைக்காமல், பிடிக்காத ஒன்றைப் படித்து முடிப்பதோடு ஒப்பிட்டால் எனக்குச் சிறிய பெயரின் மெக்கானிக்கல்தான் மேல். பையன் முதல் செமஸ்டரிலேயே இன்ஜினியரிங் மாணவன், அந்தத் துறைக் கிளப்பில் சேரலாம், இரண்டாம் வருடமே இன்டர்ன்ஷிப் தேடலாம். திண்ணையில் இருப்பவன் அதே நேரத்தில் ஜிபிஏ கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பான்.

இங்கே ஒரு கவனம். இன்ஜினியரிங் டெக்னாலஜி என்று ஒரு பட்டம் வரும், அதுவும் ஏபெட்தான், ஆனால் வேறு பிரிவின் கீழ். நல்ல படிப்பு, கைவேலை அதிகம், வேலையும் கிடைக்கிறது. லைசென்ஸ் விதி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கலிஃபோர்னியாக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை

கம்யூனிட்டி காலேஜ் என்றாலே நம் வீடுகளில் ஏதோ பிள்ளை கெட்டுப்போன மாதிரி பேசுவார்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால் அந்தப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர், ஒரு செமஸ்டர் 15 யூனிட் எடுத்தால் 690 டாலர். எந்தப் பாடம் எந்த யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேம்பஸில்) எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற தளம் வரி வரியாகக் காட்டும். டேக் என்ற ஒப்பந்தப்படி டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற ஆறு யூசிகளில் ஏதாவது ஒன்றில் முன்கூட்டியே இடத்தை உறுதி செய்துகொள்ளலாம். அதற்கு செப்டம்பரில் விண்ணப்பம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் சேர்த்தி இல்லை. போட்டி அதிகமான மேஜர்களைச் சில கேம்பஸ்கள் டேக்கிலிருந்து விலக்கியும் வைத்திருக்கின்றன, சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி அப்படித்தான். எந்த மேஜர் உண்டு, எவ்வளவு ஜிபிஏ என்பதை அந்தந்த வருடத்துப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தது, விண்ணப்பமே நேரடியாக மேஜருக்குப் போகிறது என்பது. உள்ளே போய் மாற்றிக்கொள்ளும் வேலை இல்லை. பிடிக்காதது, பதினெட்டு வயதில் நண்பர்கள் எல்லாம் டார்மில் இருக்கும்போது பிள்ளை வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு டி ஆன்சாவுக்கோ டயப்ளோ வேலிக்கோ போய்வர வேண்டும் என்பது. அதைச் சிலர் சுலபமாகத் தாண்டுவார்கள், சிலர் சுருண்டுவிடுவார்கள். பிள்ளையைத் தெரிந்தவர் நீங்கள்தான்.

டெக்சஸில் இதற்குப் பக்கத்தில் வருவது ஏ அண்ட் எம்மின் இன்ஜினியரிங் அகாடமி. கம்யூனிட்டி காலேஜில் கணக்கும் அறிவியலும், இன்ஜினியரிங் பாடம் மட்டும் ஏ அண்ட் எம் ஆசிரியரிடம், பிறகு அதே ஈடாம். கட்டணம் குறையும். 3.75 மட்டும் குறையாது.

பக்கத்து அறை

கடைசியாக, இன்ஜினியரிங்கே வேண்டாம், அதன் பக்கத்து அறையில் படித்துக்கொள்ளலாம் என்கிற வழி. சிஎஸ் கேட்டுக் கிடைக்காதவர்களுக்கு இது பெரும்பாலும் சரியான வழி என்றே நினைக்கிறேன். கணிதம், புள்ளியியல், டேட்டா சயின்ஸ், இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்று எதைப் படித்தாலும் புரோகிராம் எழுதத் தெரிந்தவனை டிகிரியின் பெயரைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்புவதில்லை, முதல் ரெஸ்யூமே வடிகட்டலில் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். இல்லினாயில் சிஎஸ்ஸோடு மொழியியல், சிஎஸ்ஸோடு பொருளாதாரம், சிஎஸ்ஸோடு பயிரியல் என்றெல்லாம் ஜோடிப் பட்டங்கள் இருக்கின்றன. முதலில் கேட்கும்போது சிரிப்பு வரும், பாடத்திட்டத்தைப் பார்த்தால் சிஎஸ் அடிப்படை முழுக்க இருக்கிறது. ஆனால் அவற்றுக்கும் விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும், ஏப்ரலில் தெரிந்து பயனில்லை. அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இந்த வரியை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் இந்த வழி அவ்வளவு பொருந்தாது. இயற்பியல் படித்துவிட்டு மாஸ்டர்ஸில் மெக்கானிக்கலுக்குப் போகிறவர்கள் உண்டு, ஸ்டாட்டிக்ஸ், தெர்மோ எல்லாம் ஈடுகட்டச் சொல்வார்கள், படித்துவிடலாம். சிவிலில் லைசென்ஸ்தான் உயிர், அங்கே பக்கத்து அறைப் பட்டத்தோடு போனால் ஒவ்வொரு மாநில போர்டிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

திண்ணையையே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் அதற்கும் நியாயம் உண்டு. சொந்த மாநிலம், கட்டணம் குறைவு, எண் எழுதி வைத்திருக்கிறார்கள், மாறாவிட்டால் அங்கேயே இருக்கும் இன்னொரு மேஜர் பிள்ளைக்கு உண்மையாகவே பிடிக்கும், இந்த நான்கில் மூன்று இருந்தால் நான் தலையாட்டுவேன். ஆனால் முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த அன்றைக்கே அடுத்த திட்டத்தையும் கையில் எடுக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் போட பல இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் தேதி முடிந்துவிடும், மேஜர் மாற்ற முடிவோ ஜூனில்தான் வரும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய முடியாது, சேர்த்தே செய்ய வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஜூனில் முடியாது என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தபோது எல்லாத் தேதியும் போயிருந்தது.

மகள் கோடையில் வீட்டிலிருந்தே கம்யூனிட்டி காலேஜில் ஸ்டாட்டிக்ஸ் எடுத்தாள், அடுத்த செமஸ்டரில் கால்குலஸ் 3இல் ஏ வாங்கினாள், மறுபடி விண்ணப்பித்தாள், இந்த முறை மெக்கானிக்கலை விட்டுவிட்டுச் சிவில். கிடைத்தது. அரை வருடம் கூடுதலாகிறது. இப்போது கான்கிரீட் ஆய்வகத்தில் சிலிண்டர் வார்த்து வைத்து, ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று என்று மெஷினில் வைத்து நசுக்கி உடைக்கிறாள். உடையும்போது வீடியோ எடுத்து எனக்கு அனுப்புகிறாள். மெக்கானிக்கல் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று நான் கேட்பதில்லை.

ஈரோட்டுக்காரரிடம் அன்றைக்கு நான் நீளமாக எதுவும் சொல்லவில்லை. பையனையே அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆலோசகருக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள் என்றேன். அப்பாவின் பெயரில் போகக் கூடாது, பையன் பெயரில் போக வேண்டும். போன வருடம் வெளியிலிருந்து மெக்கானிக்கலுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தீர்கள்? எடுத்தவர்களின் ஜிபிஏ எவ்வளவு, எந்தப் பாடங்களை எண்ணுகிறீர்கள்? எத்தனை முறை விண்ணப்பிக்கலாம்? மேஜர் கிடைப்பதற்கு முன்னால் ஸ்டாட்டிக்ஸ் வகுப்பில் இடம் தருவீர்களா? இவ்வளவுதான் எழுதச் சொன்னேன்.

மூன்று நாளில் பதில் வந்ததென்று எனக்கு அனுப்பினார். இரண்டு பத்தி, மரியாதையான ஆங்கிலம். போட்டி அதிகம், ஆனால் ஆர்வமுள்ள மாணவர்கள் விண்ணப்பிக்குமாறு ஊக்குவிக்கிறோம், கேம்பஸில் ஆராய்ந்து பார்க்க இன்னும் பல நல்ல மேஜர்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. மேலிருந்து கீழ்வரை படித்தேன், ஓர் எண்கூட இல்லை. பையன் அதை அப்பாவுக்கு முன்னாலேயே கவனித்துவிட்டான் போலிருக்கிறது. ஏப்ரல் 29ஆம் தேதி, சொந்த மாநிலத்திலேயே மெக்கானிக்கல் என்று நேரடியாகப் போட்டிருந்த இன்னொரு கடிதத்துக்கு டெபாசிட் கட்டிவிட்டுத்தான் சொன்னானாம்.